எங்கே என்று கேட்டவள்

ஏதாவது கெட்டுப்போனால் நாம் எல்லோரும் முதலில் கேட்பது "யார் பண்ணியது?" என்றுதான். அவள் "எங்கே?" என்று கேட்பாள். தில்லி ஓக்லாவில் ஓர் அலுவலகத்தில் ஐந்து வருடம் அவளுக்கு எதிர்நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஐந்து வருடத்தில் அவள் வாயிலிருந்து "யார்" என்ற கேள்வி வந்து நான் கேட்டதில்லை.

பாளையங்கோட்டைக்காரி. புடவைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வருவாள். ஜனக்புரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும், செருப்பு தாங்காது என்பாள். சிரிப்பு வந்தால் முதலில் தோள்கள்தான் குலுங்கும். சத்தம் பின்னால் வரும். என்னைவிட ஆறு மாதம் பெரியவள், ஆனால் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலையில் சேர்ந்தவர்கள். நான் பொள்ளாச்சி. முனிர்காவில் இன்னொரு பெண்ணோடு ஓர் அறையில் இருந்தேன். அலுவலகக் கட்டடத்தில் தமிழ் பேசியவர்கள் அவளும் நானும்தான். ஆனாலும் அவள் "ஏட்டி" என்று கூப்பிட்டால் அந்தத் தளத்தில் இருந்த பஞ்சாபிகள், வங்காளிகள் எல்லோருக்கும் அது என்னைத்தான் என்று தெரியும். ஒரு பியூன் என் பெயரே ஏட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஜனக்புரியில் அவள் வீடு இரண்டாவது மாடி. ஒரு மே மாதம், கீழ்வீட்டு அம்மாளின் படுக்கையறைச் சுவரில் தண்ணீர் இறங்கியது. அந்த அம்மாள் மாடிப்படியில் நின்று, "கிஸ்கா பானி ஹை?", யார் வீட்டுத் தண்ணீர் என்று சத்தம் போட, மூன்று வீட்டுக்காரர்களும் வெளியே வந்து எங்கள் தண்ணீர் இல்லை, எங்கள் தண்ணீர் இல்லை என்று சண்டை ஆரம்பித்தது. இவள் ஒரு டார்ச்சும் சாக்கட்டியும் எடுத்துக்கொண்டு கீழே போனாள். ஈரம் எதுவரை இருக்கிறதோ அங்கே ஒரு கோடு. கால் மணி கழித்து இன்னொரு கோடு. கோடு கோடாக மேலே ஏறி, கடைசியில் தன் வீட்டு ஜன்னலிலேயே வந்து நின்றாள். அவளுடைய ஏர்கூலரின் தண்ணீர்க் குழாய்தான் கழன்றிருந்தது. "மில் கயா, ஆன்ட்டி ஜீ, மேரா ஹி ஹை", கிடைத்துவிட்டது, என்னுடையதுதான் என்று ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, காணாமல்போன ஆட்டைக் கண்டுபிடித்தவள் மாதிரி சந்தோஷமாகச் சொன்னாளாம். சண்டை போடத் தயாராக நின்றவர்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அந்தக் கோடுகளை வெள்ளையடிக்கும்வரை கீழ்வீட்டு அம்மாள் அழிக்கவிடவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாராம்.

இதைக் கேட்டு நான் சிரித்தேன். ஆனால் அவளுடைய இந்தக் குணத்தில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. ஒரு முறை அவள் போட்ட அட்டவணையை எங்கள் சீனியர் ஒருவர் கருத்தரங்கில் தன்னுடையது போலப் பேசிவிட்டு வந்தார். நான் கொதித்துப்போய் அவளிடம் சொன்னேன்.

"அப்படியா? எந்த ஹால்ல பேசினாரு?"

"எந்த ஹாலா இருந்தா என்ன? நீ செஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லல."

"அட்டவணை சரியா இருந்துச்சுல்லா? பொறவென்ன?"

அவளுக்கு அது உண்மையிலேயே பெரிதாகப் படவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. யார் செய்தது என்று கேட்காதவளுக்கு, நான் நன்றாகச் செய்ததும் கண்ணில் படாதே என்று தோன்றியது. நான் ராப்பகலாக எழுதிய கம்ப்யூட்டர் நிரல் ஓடியபோதெல்லாம் மற்றவர்கள் கை கொடுத்தார்கள். அவள் மட்டும், "ஓடுது, சரி. எங்க ஒக்காந்து ஓடுது?" என்பாள்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். யமுனையின் நீர்மட்டத்தை அளந்து, பாலத்தடியில் ஒரு பலகையில் எண்ணாகக் காட்டும் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். தண்ணீர் எல்லை தாண்டினால் சிவப்பு விளக்கு எரிந்து, பலகையில் அபாயம் என்று வர வேண்டும். பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் சிப். அதற்கான நிரலை நாங்கள் துண்டு துண்டாக எழுதினோம். பலகையில் வரும் வாசகங்கள் என் துண்டு. எந்த மட்டத்தில் என்ன எச்சரிக்கை என்ற அட்டவணை அவள் துண்டு. இந்தத் துண்டுகளை ஒன்றாகக் கோத்துக் கொடுப்பதற்கு லிங்கர் என்று ஒரு நிரல் உண்டு. எந்தத் துண்டு நினைவகத்தில் எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்று ஒரு சின்னக் கோப்பில் நாம் அதற்கு எழுதித் தர வேண்டும். தில்லிக்காரர்களுக்கு எளிதாகப் புரியும்: சர்க்கார் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடுதான். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வீடு, ஒவ்வோர் எண்ணுக்கும் அடுத்தடுத்த இரண்டு வீடு.

எங்கள் சிப்புக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. இரண்டு வீட்டு எண்ணை எடுக்க வேண்டுமென்றால் அதன் முதல் வீடு இரட்டைப்படைக் கதவிலக்கமாக இருக்க வேண்டும். ஒற்றைப்படையாக இருந்தால் எடுக்காது, அங்கேயே நின்றுவிடும்.

ஒதுக்கீட்டுக் கோப்பு அவள் கையில் இருந்தது. அதில் ஒரே வரியில், தரவுத் துண்டு ஒவ்வொன்றும் பதினாறின் மடங்கில்தான் தொடங்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாள். அதனால் ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை சில வீடுகள் காலியாகக் கிடக்கும். இடம் வீணாகிறதே என்று கேட்டால், "காலியா கெடந்தா என்ன, கரையானா அரிக்கும்?" என்பாள். எல்லாம் கோத்து முடிந்ததும் எது எங்கே உட்கார்ந்தது என்ற பட்டியலை லிங்கர் அச்சடித்துத் தரும். மடிப்பு மடிப்பான நீளக் காகிதம். அதை மத்தியானம் மீன்குழம்புச் சோற்றோடு விரித்து வைத்துக்கொண்டு, பச்சைப் பென்சிலால் டிக் போட்டபடி படிப்பாள். அதற்கு ஆபீசில் மேடத்தின் அக்பார், அதாவது மேடத்தின் செய்தித்தாள் என்று பெயர்.

ஒரு ஏப்ரலில் தங்கை கல்யாணத்துக்காக மூன்று வாரம் ஊருக்குப் போனாள். அந்தச் சமயம் பார்த்து டைரக்டர் ஒரு புது வாசகம் சேர்க்கச் சொன்னார். பெட்டியை முடுக்கியதும் பலகையில் முதலில் நமஸ்கார் என்று வர வேண்டும். பிறகு அலுவலகத்தின் முழுப் பெயர். பிறகு, இன்னாரின் வழிகாட்டுதலில் வடிவமைக்கப்பட்டது என்று அவருடைய பதவி. சேர்த்துப் பார்த்தால் சிப்பில் இடம் போதவில்லை. பெரிய சிப் வரவழைக்க ஆறு மாதம் ஆகும். நான் ஒதுக்கீட்டுக் கோப்பைத் திறந்து, அவளுடைய பதினாறின் மடங்கு வரியை எடுத்துவிட்டேன். துண்டுகள் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டன. வாசகம் முழுசாக உள்ளே போனது. நிரலும் ஓடியது. டைரக்டர் எல்லோரையும் கூப்பிட்டு, "இந்தப் பெண் இல்லாத இடத்தில் இடம் கண்டுபிடித்தவள்" என்று என்னைப் பாராட்டினார். சமோசா வந்தது.

ஊரிலிருந்து அல்வாவோடு திரும்பி வந்தவளிடம் நான் இதைச் சொல்லவில்லை. வந்த அன்றே அவளை வேறு வேலையில் போட்டிருந்தார்கள். சொல்ல நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால், "எங்க இருந்து எடுத்தே?" என்று கேட்பாள் என்பதுதான் நிஜம்.

பெட்டி பாலத்தில் ஏறி ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. ஜூலையில், அலுவலகத்தில் ஹிந்தி சரியாக எழுதப்படுகிறதா என்று பார்க்கும் மேல்மாடி ஹிந்தி அதிகாரி ஆய்வுக்கு வந்தார். மிகவும் மரியாதையான மனிதர். பலகையில் ஆங்கில எழுத்துகள்தான் வரும் என்பதால், அபாயத்துக்கான ஹிந்திச் சொல்லை KHATRA என்று எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "மகளே, ஹிந்தியில் ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் ஒரு அகரம் இருக்கிறது. த-வுக்குள் இருப்பதை நீ விழுங்கிவிட்டாய்" என்றார். KHATARA என்று இருக்க வேண்டுமாம். ஓர் எழுத்துதானே என்று சேர்த்தேன். ஆபீசில் பொத்தானை அழுத்தி வாசகங்கள் வருகின்றனவா என்று மட்டும் பார்த்தோம். அழகாக வந்தது. ஹிந்தி அதிகாரி கை தட்டினார். சிப்பைப் பாலத்தில் மாட்டிவிட்டு வந்தார்கள். பழைய சிப்பை, சிப் தட்டுப்பாட்டில், அன்றே அழித்துவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து வெள்ளக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து டைரக்டருக்குப் போன். அவர் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"சாப், பானி பட் ரஹா ஹை. போர்ட் பர் ஆப்கா பத் லிக்கா ஹை."

தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, பலகையில் உங்கள் பதவிதான் நிற்கிறது என்று பொருள். பெட்டி நமஸ்காரம் சொல்லி, அலுவலகப் பெயரைச் சொல்லி, டைரக்டரின் பதவியையும் சொல்லி, முதல் முறை நீர்மட்டத்தைப் பார்க்கப் போன இடத்தில் நின்றிருக்கிறது. இரண்டு நாளாக.

டைரக்டர் அறையில் கூடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "யார்?" ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தோம். ஓர் எழுத்து சேர்த்த பிறகுதானே செத்தது என்று யாரோ சொல்ல, எல்லோர் பார்வையும் ஹிந்தி அதிகாரி பக்கம் திரும்பியது. அந்த மனிதர் எழுந்து நின்று, "ஓர் அகரத்தால் ஓர் இயந்திரம் சாகுமா?" என்று கேட்டார். பழைய எழுத்துக்கூட்டலையே போடுங்கள், கதை முடிந்தது என்றார் டைரக்டர்.

நான் எடுத்த வரிதான் காரணம் என்று எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. பழைய எழுத்துக்கூட்டலுக்குப் போனால் பெட்டி ஓடும். யாருக்கும் எதுவும் தெரியாது. பழி அந்த அகரத்தின் மேல் நிற்கும். போட்டுவிடலாம் என்று நான் தலையாட்டினேன்.

அவள் சுவரோரம் நின்றிருந்தாள். "சார், பழையபடி போட்டா ஓடும்தான். அரை மணி குடுங்க, எங்க நிக்குதுன்னு பாத்துட்டு வாரேன்" என்று ஹிந்தியும் ஆங்கிலமுமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அரை மணியில் மடிப்புக் காகிதத்தோடு திரும்பினாள். மேசையில் விரித்து, பச்சைப் பென்சிலால் ஒரு வரியைச் சுழித்தாள். என் வாசகங்கள் முன்பு இரட்டைப்படையில் முடிந்திருந்தன, தற்செயலாக. ஓர் எழுத்து கூடியதும் ஒற்றைப்படையில் முடிந்தன. அதை ஒட்டியே தொடங்கிய அவளுடைய அட்டவணை ஒற்றைப்படைக் கதவில் போய் உட்கார்ந்துவிட்டது. சிப் முதல் எண்ணை எடுக்கப் போய் அங்கேயே நின்றுவிட்டது. "ஹிந்தி சரியாத்தான் இருக்கு" என்றாள் அதிகாரியைப் பார்த்து. அவர் உட்கார்ந்தார்.

"துண்டுகளுக்கு நடுவில் இடைவெளி இருந்ததே, அதை எடுத்தது யார்?" என்றார் டைரக்டர்.

அந்தக் கோப்பில் எதை மாற்றினாலும் ஓரத்தில் முதலெழுத்தும் தேதியும் போடுவது எங்கள் வழக்கம். நான் போட்டிருந்தேன். அவள் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

"யாருன்னு கேட்டா இன்னைக்குப் பூரா பேசலாம், சார். எங்கன்னு தெரிஞ்சிட்டு. வரியைத் திருப்பிப் போட்டிரலாம். ஆனா இடம் பத்தாது. ஒரு நாப்பது எழுத்து எங்க இருந்தாவது எடுக்கணும்."

"எங்கிருந்து?"

அவள் காகிதத்தில் விரலை வைத்தாள். டைரக்டர் குனிந்து பார்த்தார். இன்னாரின் வழிகாட்டுதலில் வடிவமைக்கப்பட்டது என்ற வாசகம். ஹிந்தி அதிகாரி கைக்குட்டையை எடுத்து மெதுவாக மூக்கைத் துடைத்துக்கொண்டார். டைரக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "நமஸ்காராவது இருக்கட்டும்" என்றார்.

அவள் மறு வருடமே தில்லியை விட்டுப் போய்விட்டாள். கணவருக்கு வங்கியில் மாற்றல். இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் நின்றுபோனது. ஆனால் அந்த டைரக்டர் ஓய்வு பெறும்வரை, யாராவது குற்றம் சொல்லிக்கொண்டு அவர் அறைக்குள் போனால், "கஹான்?", எங்கே என்றுதான் முதலில் கேட்பார். அவர் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

டைரக்டர் அறையில் கூடிய அன்று மத்தியானமே திருத்திய சிப்போடு நாங்கள் இரண்டு பேரும் ஜீப்பில் பாலத்துக்குப் போனோம். யமுனை பழுப்பு நிறத்தில் அகலமாக ஓடிக்கொண்டிருந்தது. கரைச்சரிவில் குடிசைகள். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு ஓர் அம்மாள் மேலே ஏறி வந்தார். பச்சையம்மாள் என்று பெயர். சேலத்துப் பக்கமிருந்து வந்து, கட்டட வேலைக்குப் போகிறவர். ஐம்பது வயதிருக்கும்.

"இது உங்க பொட்டிங்களா?" என்றார். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா நம்பர் தெரியும். தெனம் காலையில பாத்துட்டுத்தான் வேலைக்குப் போவோம். ரெண்டு நாளா நம்பரே வரலீங்க, வெறும் எழுத்தா நிக்குது. தண்ணி என்னமோ ஏறுது. எதப் பாத்து மூட்டை கட்டறது, சொல்லுங்க."

அவள் ஏணியில் ஏறிப் பெட்டியைத் திறந்தாள். நான் கீழிருந்து சிப்பை எடுத்துக் கொடுத்தேன். பலகையில் நமஸ்கார் வந்தது. அலுவலகத்தின் பெயர் வந்தது. பிறகு எண் வந்தது. பச்சையம்மாள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னிக்கு இருக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்.

"நான்தான் அந்த வரிய எடுத்தேன்" என்றேன்.

"தெரியும். ஒன் முதலெழுத்து அங்கனயே கெடக்கே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவள் திருப்புளியை ஷூ நாடாவில் செருகிக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கினாள். "சொல்லியிருந்தா ஒன்னைய அங்க ஒக்கார வச்சு விசாரிச்சிட்டு இருப்பாங்க. இங்க ஏணிய யாருட்டி புடிப்பா?"

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பும் வழி முழுக்க, ஊரில் தங்கை கல்யாணத்தில் பந்தலுக்குள் மாடு புகுந்த கதையைச் சொல்லித் தோளைக் குலுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நானே டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். சமோசாவுக்குக் காரணமான இடம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னேன். அவர், "அச்சா. ரிப்போர்ட்டில் எழுது" என்றார். எழுதினேன். என் பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. அதைப் பற்றி எனக்கு இன்றுவரை குறையில்லை.

செப்டம்பரில் நிஜமாகவே வெள்ளம் வந்தது. ஒரு காலை பலகையில் சிவப்பு எரிந்து KHATARA என்று முழு அகரத்தோடு வந்துவிட்டதாகக் கட்டுப்பாட்டு அறை சொன்னது. ஹிந்தி அதிகாரி மாடியிலிருந்து இறங்கி வந்து, ஸ்பெல்லிங் சரியாக வருகிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். நாங்கள் இரண்டு பேரும் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

பாலத்தில் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். கரைச்சரிவில் பாதிக் குடிசைகள் தண்ணீருக்குள் இருந்தன. ஆனால் உள்ளே ஆட்கள் இல்லை. விடிந்ததும் சிவப்பைப் பார்த்துவிட்டு எல்லோரும் சாமான்களோடு சாலைக்கு ஏறத் தொடங்கியிருந்தார்கள். கயிற்றுக்கட்டில், ஸ்டவ், ஆடு, ஒரு தையல் மிஷின். பச்சையம்மாள் சரிவின் நடுவில் ஒரு டிரங்குப் பெட்டியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மூச்சு வாங்க நிமிர்ந்தார்.

"வந்தீங்களா. காலையில சிவப்பா எரிஞ்சுதுங்க, நான்தான் எல்லாரையும் எழுப்பிவிட்டேன்" என்றார். பிறகு பலகையைக் கையால் காட்டி, "ஆமா, அந்தப் பொட்டிய யாருங்க செஞ்சது?" என்று கேட்டார்.

நான் அவளைப் பார்த்தேன். பச்சைப் பென்சில், பதினாறின் மடங்கு, எல்லாம் அவள்தான். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"இந்தா நிக்கா பாருங்க. இவதான் செஞ்சா."

நான் மறுக்க வாயெடுத்தேன். வார்த்தை வருவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பச்சையம்மாள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீயா கண்ணு? நல்லா இரு" என்றார். "சரி, நின்னுட்டிருக்காத. இந்த டிரங்குல அந்தப் பக்கம் புடி."

பிடித்தேன். இரும்புப் பெட்டி, உள்ளே அம்மிக்கல்லை வைத்திருப்பார் போலிருக்கிறது. சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினேன். எங்களுக்குப் பின்னால் அவள் ஒரு கையில் கோழிக்கூடையும் மறு கையில் யாருடையதோ ஒரு குழந்தையுமாக, கான்வாஸ் ஷூ சதக் சதக்கென்று ஏறி வந்தாள். மேலே போய்ப் பெட்டியை இறக்கியதும், இன்னும் மூன்று நடை இருக்கிறது என்றார் பச்சையம்மாள். திரும்பவும் இறங்கினோம்.